டிக்கட்டைக் கடைசியில் எடுங்கள்: கொழும்பிலிருந்து ஒரு வாழ்நாள் பயணம்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு குடும்பம் பெரிய பயணமொன்றுக்கு ஆயத்தமாகும்போது பெரும்பாலும் முதல் வேலையாக டிக்கட்டை எடுத்துவிடுகிறார்கள். வங்கிக் கார்ட்டுக்குக் கழிவு என்று விளம்பரம் வரும், தவணையில் கட்டலாம் என்பார்கள், ஆசை ஏற்கெனவே மனதில் இருக்கும். காசு திருப்பித் தராத டிக்கட் கைக்கு வந்த பிறகுதான் விசாவைப் பற்றி யோசிப்பார்கள். அதற்கும் பிறகுதான் அந்த மாதத்தில் அங்கே என்ன பார்க்கலாம் என்று தேடுவார்கள். இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு இந்த ஒழுங்கு காசைத் தின்றுவிடும். பருவம், கடவுச்சீட்டு, போகும் வழி, விசா, உள்ளூர் அனுமதிகள், இவையெல்லாம் முடிந்த பின் டிக்கட். முதலாவது பிழையாகிப்போனால் அடுத்தது நிற்காது என்பதால்தான் இந்த வரிசை.

எதைப் பார்க்கப் போகிறோம், அது எப்போது நடக்கிறது

வாழ்நாளில் ஒருமுறை என்று போகிற பயணங்கள் பலவும் ஒரு காட்சியை நம்பியவை. அந்தக் காட்சிக்கு ஒரு காலம் உண்டு. நமக்கோ ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் என்று பாடசாலை விடுமுறைகள். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

நோர்வேயின் ட்ரொம்சோவில் வடதுருவ ஒளி பார்க்க வேண்டுமென்றால் ஓகஸ்ட் விடுமுறை உதவாது. அங்கே மே 20 அளவில் தொடங்கி ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை. அதன் பிறகும் பல வாரங்களுக்கு இரவு முழுதாக இருட்டாது. செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் கடைசி வரைதான் நம்பிப் போகக்கூடிய காலம். டிசெம்பர் விடுமுறை பொருந்தும், ஆனால் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் உதிப்பதில்லை. பகலில் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். சிறு பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் அது மனதைச் சோர்த்துவிடும். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பகலும் உண்டு, இருண்ட இரவும் உண்டு. பிள்ளைகளுக்குப் பாடசாலையில் ஒரு வாரம் லீவு கேட்க முடியுமென்றால் அதுவே நல்லது.

ஜப்பானில் செர்ரிப் பூ பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சித்திரைப் புத்தாண்டு லீவை நம்பிப் போய் ஏமாறுகிறார்கள். டோக்கியோவிலும் கியோட்டோவிலும் பூ மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் வாரத்திலும்தான் நிறைந்திருக்கும். ஏப்ரல் 14 க்குப் பிறகு போனால் அங்கே தளிர்தான். ஆனால் பூ தெற்கிலிருந்து வடக்கே நகரும். டோக்கியோவிலிருந்து ஷின்கன்சென் என்ற அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய செண்டாயிலும், அதற்கும் வடக்கே அவோமோரி மாகாணத்து ஹிரோசாகி கோட்டையிலும் ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகும் பார்க்கலாம். கொழும்பிலிருந்து நரிட்டாவுக்கு நேரடி விமானம் உண்டு. லீவை மாற்ற முடியாதவர்கள் கியோட்டோவை விட்டு வடக்கே திரும்புங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரையான தொடர் விடுமுறையில் ஜப்பானியர்களே நாடு முழுக்கப் பயணம் செய்வதால் அந்த நாட்களை மட்டும் தவிர்க்க வேண்டும்.

கென்யாவின் மசாய் மாராவில் காட்டு மாட்டுக் கூட்டங்கள் ஆற்றைக் கடப்பது ஜூலைக்கும் ஒக்டோபருக்கும் இடையில். நம் ஓகஸ்ட் லீவுக்கு நேராக அமைவது இது ஒன்றுதான். ஆனால் விலையைப் பாருங்கள்: வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டொலர், ஜூலை முதல் 200 டொலர். அனுமதி காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டுமே செல்லும். பொதியின் விலை குறைவாகத் தெரிந்தால் இந்தக் கட்டணம் அதற்குள் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

கடவுச்சீட்டும் பெயரும்

குடும்பத்தில் எல்லோருடைய கடவுச்சீட்டையும் மேசையில் விரித்து வைத்துத் திகதிகளைப் பாருங்கள். பெரியவர்களுடையது பத்து வருடம் செல்லும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுடையது மூன்று வருடம்தான். பல நாடுகள் ஆறு மாதச் செல்லுபடியைக் கேட்பதால் பிள்ளையின் கடவுச்சீட்டு உண்மையில் இரண்டரை வருடத்துக்குத்தான் உதவும். பெரியவர்கள் இதைக் கவனிக்காமல் விடுவதால் தடைப்பட்ட பயணங்கள் ஏராளம். 2024 இன் கடைசி மாதங்களில் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து பத்தரமுல்லையில் வரிசை நீண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியொன்று திரும்பவும் வரலாம் என்று கணக்கில் வைத்து, பயணத்துக்கு ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பித்துவிடுவது நல்லது.

நமக்குப் பெயர் தனிப் பிரச்சினை. பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தில் ஒரு விதம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம். சிவகுமாருக்கு ஒரு இடத்தில் 'எஸ்', இன்னொரு இடத்தில் 'எஸ்எச்'. வங்கியில் முதலெழுத்தோடு சுருக்கிய பெயர், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். விசா அதிகாரி இவர் அவர்தானா என்று சந்தேகப்பட இவ்வளவும் போதும். கடவுச்சீட்டின் அடியில் இரண்டு வரியாக அச்சடித்திருக்கும் எழுத்துகள்தான் கடைசி வார்த்தை. டிக்கட், காப்புறுதி, ஹோட்டல், நுழைவு அனுமதி எல்லாம் அந்த எழுத்துப்படியே இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் வேறு மாதிரி இருந்தால் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று வங்கியிடமே ஒரு கடிதம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆங்கிலத்தில் இல்லாத சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, பெயரை அந்த எழுத்திலேயே போடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் தன் வழக்கப்படி எழுதுவார், மூன்றாவது விதம் ஒன்று பிறந்துவிடும்.

கடவுச்சீட்டு இலக்கத்தோடு கட்டப்பட்ட அனுமதிகளும் உண்டு. பெருவில் மாச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் நடந்து போகும் இன்கா பாதைக்கு நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. வழிகாட்டிகளும் சுமை தூக்குகிறவர்களும் அந்த 500 க்குள் அடக்கம். பெப்ரவரியில் பாதையை மூடிவிடுவார்கள். பெயரும் இலக்கமும் பதிந்த பிறகு அனுமதியை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. இடையில் கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் பழையதையும் கையில் கொண்டு போக வேண்டும். முதலில் புதுப்பித்துவிட்டுப் பிறகு அனுமதி எடுத்தால் இந்தத் தொல்லையே வராது.

எந்த விமான நிலையத்தில் மாறுகிறோம்

இந்தப் பகுதியைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். வெளியே போகாமல் விமான நிலையத்துக்குள்ளேயே மாறினால் விசா தேவையில்லை என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. டுபாய், டோஹா, சிங்கப்பூர் வழியாகப் போய்வந்த பழக்கத்தால் வந்த நம்பிக்கை அது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் 12 நாட்டவருக்கு விமான நிலைய மாறுகை விசாவைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அந்தப் பன்னிரண்டில் இலங்கை ஒன்று. ஃபிராங்க்ஃபர்ட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து அடுத்த விமானம் ஏறுவதற்கும் விசா வேண்டும். செல்லுபடியான அமெரிக்க, கனேடிய, ஜப்பானிய விசாவோ ஷெங்கன் விசாவோ கையில் இருந்தால் விலக்கு உண்டு. பிரித்தானியாவும் தன் பட்டியலில் இலங்கையைச் சேர்த்திருக்கிறது. ஹீத்ரோவில் மாறுவதற்கும் விசா, விலக்குகள் வேறு. அமெரிக்காவில் மாறுகை என்றே தனியாக ஒன்றும் இல்லை. அங்கே தரை தட்டினால் குடிவரவுப் பகுதியைத் தாண்டித்தான் அடுத்த விமானம்.

ஆகவே மலிவான டிக்கட்டைத் தேடும் தளத்தில் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, நடுவில் நிற்கும் நகரத்தை. தென் அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் மட்ரிட், ஆம்ஸ்டர்டாம், மயாமி வழிகளை ஒதுக்கிவிட்டு டோஹா அல்லது டுபாயிலிருந்து நேரே சாவோ பாவ்லோ போகும் விமானத்தையோ இஸ்தான்புல் வழியையோ எடுத்தால் இந்தச் சிக்கல் வராது. சில நூறு டொலர் கூடும். மாறுகை விசாவுக்கு ஆகும் கட்டணம், அலைச்சல், காத்திருப்பு எல்லாவற்றையும் சேர்த்தால் அது பெரிய காசில்லை.

இரண்டாவது பொறி, தனித்தனியாக எடுத்த டிக்கட்டுகள். கொழும்பு–சென்னை ஒன்று, சென்னை–டெல்லி ஒன்று, டெல்லி–காத்மண்டு ஒன்று என்று வாங்கினால் மலிவாக வரும். சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானம் ஏறுகிற அந்த நொடியே இந்தியாவுக்குள் நுழைந்துவிடுகிறோம், இந்திய விசா வேண்டும். பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது விமானக்காரர் பொறுப்பேற்க மாட்டார். கொழும்பு–டெல்லி–காத்மண்டு ஒரே டிக்கட்டில், பெட்டி கடைசி வரை போகும்படி எடுத்தால் டெல்லியில் உள்ளேயே இருந்து மாறிவிடலாம்.

மூன்றாவது நம் குடும்பங்களுக்கே உரியது. பரிஸில் மாமா, லண்டனில் சித்தி, ஒஸ்லோவில் பெரியப்பா மகன். எல்லோரையும் பார்த்துவிட்டு வருவோம் என்று திட்டம் போடுவார்கள். பரிஸிலிருந்து லண்டன் போய்த் திரும்ப ஒஸ்லோ போனால் ஷெங்கனுக்குள் இரண்டு தரம் நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தால் லண்டன் போன அன்றே அது முடிந்துவிட்டது. லண்டனை முதலில் வைத்துவிட்டு ஷெங்கன் நாடுகளை ஒரே தொடராகப் பார்ப்பது பாதுகாப்பான அமைப்பு.

விசாக் கோப்பு

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். சட்டப்படி முடிவுக்கு 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை எடுப்பார்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். மறுத்தாலும் காசு திரும்பாது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். நாட்கள் சமமென்றால் முதலில் இறங்கும் நாடு. எங்கே நேர்காணல் நாள் சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போட்டுவிட்டு வேறு நாட்டில் போய்த் தங்குவது மறுப்புக்கு நேர்வழி. சில நாடுகளின் விண்ணப்பத்தைக் கொழும்பில் பெற்றாலும் முடிவு வேறு நாட்டில் எடுக்கப்படும். நோர்வேயின் கொழும்புத் தூதரகம் 2023 இல் மூடப்பட்டுவிட்டது. கடவுச்சீட்டு கையைவிட்டுப் போயிருக்கும் காலத்தையும் கணக்கில் சேர்த்து, பெப்ரவரிப் பயணத்துக்கு ஒக்டோபரிலேயே கோப்பைக் கொடுப்பது நல்லது.

விண்ணப்பத்துக்கு விமானப் பதிவு வேண்டுமே, டிக்கட்டை எப்படிக் கடைசியில் எடுப்பது என்று கேட்பார்கள். கேட்பது போகும் வழிக்கான சான்றைத்தான், காசு கட்டிய டிக்கட்டை அல்ல. ஏஜென்சியிடம் பதிவை மட்டும் போட்டுத் தரச் சொல்லலாம், அல்லது ரத்துச் செய்தால் காசு திரும்பும் வகையில் எடுக்கலாம். பதிவு இலக்கத்தை விமானக் கம்பனியின் தளத்தில் அடித்துப் பார்த்தால் பெயர் வர வேண்டும். சிலர் விற்கும் போலிப் பதிவுத் தாள்களைத் தொடவே வேண்டாம். அதிகாரிகள் அந்த இலக்கத்தை அடித்துப் பார்ப்பார்கள். பிடிபட்டால் அது மறுப்போடு நிற்காது, மோசடி என்று பதிவாகி அடுத்த நாடுகளின் படிவங்களிலும் பின்தொடரும்.

வங்கிக் கூற்றில்தான் கூடுதலாகச் சறுக்குகிறார்கள். ஆறு மாதக் கணக்கில் ஐந்து மாதம் சொற்பத் தொகை நின்று, கடைசி மாதம் பத்திருபது லட்சம் ஒரே நாளில் விழுந்தால் அது கைமாற்று என்று எவருக்கும் தெரியும். அது உண்மையிலேயே உங்கள் காசாக இருந்தால் வந்த வழியைக் காட்டுங்கள்: வாகனம் விற்றதென்றால் விற்பனைப் பத்திரம், சீட்டு எடுத்ததென்றால் அதற்கான எழுத்து, நிலையான வைப்பை முறித்ததென்றால் வங்கிக் கடிதம். வைப்பை முறிக்காமலே, இருக்கிறது என்று வங்கிக் கடிதம் கொடுப்பது இன்னும் நல்லது. மாதச் சம்பளம் விழுவது, மின்கட்டணம் போவது, ஊழியர் சேமலாப நிதிக் கூற்று, வேலைத்தலம் தரும் லீவுக் கடிதத்தில் வேலைக்குத் திரும்பும் திகதி, இவை சேர்ந்துதான் இவர் திரும்பி வருவார் என்ற எண்ணத்தைத் தருகின்றன. மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி குறியிடப்படும் காரணமும் அதுவே: குறித்த காலத்துக்குள் திரும்பும் எண்ணத்தில் நியாயமான சந்தேகம்.

உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் நாட்டுக்கு நாடு தாள் வேறு. பிரான்ஸில் உள்ளவர் தன் ஊர் நகரசபைக்கு (மேரி) போய், விருந்தினரைத் தங்கவைப்பதற்கான சான்றை (அத்தெஸ்தாசியோன்) எடுத்து மூலப்பிரதியை அனுப்ப வேண்டும். வீட்டின் அளவு, வருமானம் எல்லாம் பார்ப்பார்கள், சில வாரம் ஆகும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய அழைப்புக் கடிதம் அதற்கு ஈடாகாது. காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், தங்கும் நாட்கள் முழுவதற்கும் இருக்க வேண்டும். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள அம்மா அப்பாவுக்கு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்கள் அடக்கமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலான மலிவுக் காப்புறுதிகளில் அது விலக்கப்பட்டிருக்கும்.

விசா ஒட்டிவந்ததும் பெயர், திகதிகள், நுழைவுகளின் எண்ணிக்கை, தங்கக்கூடிய நாட்கள் ஆகிய நான்கையும் கவுண்டரை விட்டு நகர முன் பாருங்கள். 'இந்தத் திகதி முதல் இந்தத் திகதி வரை' என்பதும் 'நாட்கள்' என்பதும் வேறு வேறு. ஒரு மாத இடைவெளி தந்து 12 நாள் என்று அச்சடித்திருப்பார்கள். அந்தப் 12 ஐப் பார்த்துத்தான் இப்போது டிக்கட் வாங்க வேண்டும்.

காசு எந்த நாணயத்தில் நிற்கிறது

2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்குப் போனது. ரூபாவில் சேர்த்து வைத்திருந்த பயணக் காசு கிட்டத்தட்டப் பாதியானது. பல வருடம் சேர்த்துப் போகும் பயணத்துக்கு, சட்டப்படி கைக்கு வரும் வெளிநாட்டு நாணயத்தை, அது பிள்ளை அனுப்புவதோ வெளிநாட்டு வேலைக்கான கொடுப்பனவோ, வங்கியில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கொன்றில் அப்படியே விட்டுவையுங்கள். ரூபாவாக்கி மறுபடி டொலராக்கினால் இரண்டு பக்கமும் நட்டம்.

கார்ட் இரண்டு, இரு வேறு வங்கிகளுடையது. வெளிநாட்டுப் பாவனையை வங்கியில் சொல்லித் திறந்துவிட்டுப் போங்கள். கடையில் இயந்திரம் இலங்கை ரூபாவில் கழிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த நாட்டு நாணயத்தையே தெரிவு செய்ய வேண்டும். ரூபாவைத் தெரிவு செய்தால் அவர்கள் வைத்த மாற்று விகிதம்தான், பெரும்பாலும் அது கூடுதலாகவே இருக்கும். ஜப்பான் போகிறவர்கள் ரயில் பாஸைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். 2023 ஒக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனது. டோக்கியோ–கியோட்டோ ஒருவழி ஏறத்தாழ 14,000 யென். அந்த இரண்டு நகரம் மட்டும் போய்த் திரும்புகிறவருக்குப் பாஸ் நட்டம்.

கைலை

நம்மவர்களுக்கு வாழ்நாள் பயணம் என்றதும் முதலில் வாயில் வருவது கைலாயம். அதிகம் தவறாகத் திட்டமிடப்படும் பயணமும் அதுவே. இந்திய அரசு நடத்தும் யாத்திரை இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும். இலங்கையர் பெரும்பாலும் காத்மண்டு போய், அங்கிருந்து குழுவாகச் சீனக் குழு விசாவும் திபெத் அனுமதியும் பெற்றுப் போகிறார்கள். சார்க் நாட்டவர் என்பதால் நேபாளத்தில் அந்த வருடத்தின் முதல் வருகைக்கு 30 நாள் விசா இலவசம். குழு விசா ஒரே தாளில் எல்லோர் பெயரோடும் வரும். சேர்ந்து நுழைந்து சேர்ந்தே வெளியேற வேண்டும். நடுவில் ஒருவருக்கு இயலாமல் போனால் அவரைத் தனியாகப் பிரித்து அனுப்ப ஏஜென்சி வேறு ஒழுங்கு செய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவு யாருடையது என்று காசு கட்ட முன்னே கேளுங்கள். கடவுச்சீட்டில் ஏற்கெனவே தனிச் சீன விசா இருந்தால் குழு விசா அதை ரத்தாக்கிவிடும்.

2025 ஜூலை 8 ஆம் திகதி வெள்ளத்தில் நேபாள–திபெத் எல்லையிலுள்ள ரசுவாகடிப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அதைத் தாண்டித் திபெத் பக்கத்து ஊரான கெருங் வழியாகப் போக இருந்த குழுக்கள் அப்படியே நின்றன. ஆகவே எந்த எல்லை, அது மூடினால் எந்த மாற்று, கூடுதல் செலவை யார் ஏற்பது என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். காத்மண்டுவிலிருந்து திரும்பும் டிக்கட்டைத் திட்டத்தின் கடைசி நாளுக்குப் போடாமல் மூன்று நாளாவது தள்ளிப் போடுங்கள். 2026 திபெத்திய நாட்காட்டியில் கைலை வலத்துக்கு விசேடமான குதிரை வருடம் என்பதால் திபெத்தியரும் பெருந்தொகையாக வலம் வருவார்கள். அந்தப் பருவத்தில் தங்குமிடங்கள் நிறைந்திருக்கும்.

ஆனால் உயிர் தங்கியிருப்பது உயரத்தில். கொழும்பு கடல் மட்டம். காத்மண்டு 1,400 மீற்றர். கெருங் ஏறத்தாழ 2,800. அடுத்த நாளே வாகனத்தில் சாகா, 4,500 அளவு. மானசரோவர் 4,590. வலத்தின் முதல் இரவு தங்கும் திராபுக் ஏறத்தாழ 5,000. டோல்மா லா கணவாய் 5,630. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதி. மருத்துவம் சொல்லும் விதி, 3,000 மீற்றருக்கு மேல் உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பது. கெருங்கிலிருந்து ஒரே நாளில் சாகா போகிற ஒன்பது பத்து நாள் பொதிகள் இந்த விதியை வெளிப்படையாக மீறுகின்றன. மலிவு, லீவு குறைவு என்று அவற்றை எடுக்க வேண்டாம். கெருங்கில் இரண்டு இரவு தருகிற, அல்லது லாசாவில் மூன்று நாள் நிறுத்துகிற இரண்டு வாரத் திட்டத்தைத் தேடுங்கள். ஹெலிகொப்டரில் நேபாள எல்லைக் கிராமமான ஹில்சா போவது இன்னும் வேகம். வேகமே இங்கே ஆபத்து.

பயிற்சிக்குச் சிவனொளிபாத மலை நல்லது, ஆனால் எதற்கு நல்லது என்று தெரிந்திருக்க வேண்டும். 2,243 மீற்றர் உயரம் உடலை 5,000 க்குப் பழக்காது. ஆயிரக்கணக்கான படி ஏறி இறங்குவது முழங்காலுக்கும் தொடைக்கும்தான் பயிற்சி. அதுவும் வேண்டும், ஏனென்றால் வலம் 52 கிலோமீற்றர். இரண்டாம் நாள்தான் மிகக் கடினம். குதிரை எடுத்தாலும் டோல்மா லாவிலிருந்து இறங்கும் செங்குத்தான பகுதியில் இறங்கி நடந்தே ஆக வேண்டும். புதுச் சப்பாத்தை அங்கே முதல் தடவை போடக் கூடாது. சுதந்திர சதுக்கத்திலும் காலிமுகத்திடலிலும் இரண்டு மாதம் நடந்து பழக்கிய சப்பாத்து வேண்டும்.

உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைட் மாத்திரையைப் பலர் 125 மில்லிகிராம் காலை மாலை, ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து எடுக்கிறார்கள். டொக்டரைக் கேட்காமல் வேண்டாம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல் நுனி சுணைக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். அது மருந்தின் இயல்பு என்று அறிய, கொழும்பிலேயே இரண்டு நாள் எடுத்துப் பாருங்கள். தலையிடியோடு ஓங்காளம் வந்தால் அன்று மேலே போகக் கூடாது. குதிக்காலைப் பெருவிரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், அல்லது சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருட்டென்று பாராமல் கீழே இறக்க வேண்டும். திபெத் பக்கத்தில் ஹெலிகொப்டரை நம்பியிருக்க முடியாது. காப்புறுதியில் 6,000 மீற்றர் வரை என்று எழுதியிருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல அதற்கு வெகு கீழேயே நின்றுவிடும்.

இந்திய அரசின் யாத்திரைக்கு வயதெல்லை 70, உடற்பருமன் சுட்டி 25 க்குள். நமக்கு அது சட்டமில்லை, ஆனால் நல்ல அளவுகோல். அந்த அளவுக்குள் வராத பெற்றோருக்கு மானசரோவர் வரை போய், வலத்தை விட்டுவிடும் திட்டமும் உண்டு. அப்பரே கைலைக்கு நடந்து, உடல் தேய்ந்து, திரும்பிப் போகச் சொல்லப்பட்டுத் திருவையாற்றில்தான் கண்டார். வலத்தை விடுவதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை என்று அவர்களிடம் முன்னமே பேசிவைப்பது, மலையடியில் நின்று வாதாடுவதைத் தவிர்க்கும்.

வடக்கே சில குறிப்புகள்

ட்ரொம்சோவில் ஒளி தெரியாமல் திரும்புகிறவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் முகில்தான். ஆகவே நான்கு இரவாவது தங்க வேண்டும். முகிலில்லாத வானத்தைத் தேடிச் சுற்றுலா வாகனங்கள் சில இரவுகளில் பின்லாந்து எல்லையைத் தாண்டும், கடவுச்சீட்டை ஹோட்டலில் விட்டுப் போகாதீர்கள். கொழும்பில் வாங்கும் ஜக்கெட் நுவரெலியாவுக்குத்தான் காணும். உள்ளே கம்பளி உள்ளாடை, நடுவில் ஒரு தடித்த படை, மேலே காற்றுப் புகாத ஒன்று. பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிரவைக்கும். கனத்த மேலுடையைச் சுற்றுலாக் கம்பனிகளே இரவல் தரும், பதியும்போது கேளுங்கள். கமெராவுக்கு முக்காலி, ஐந்து முதல் பத்து விநாடித் திறப்பு. பற்றரியை உள்சட்டைப் பையில் உடம்போடு வைத்திருங்கள்.

மருந்து, ஊசி

வழக்கமாக எடுக்கும் மருந்துகளை டொக்டரின் ஆங்கிலச் சீட்டோடு கைப்பையில் கொண்டு போங்கள். கோடீன், ட்ரமடோல் கலந்தவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட மருந்தோ இன்சுலின் போன்ற ஊசியோ ஜப்பானுக்குக் கொண்டு போவதென்றால் அங்கே முன்கூட்டியே அனுமதிச் சான்று எடுக்க வேண்டுமா என்று பாருங்கள்.

கென்யா போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டும். அங்கே கேட்காவிட்டாலும், திரும்பிக் கட்டுநாயக்காவில் இறங்கும்போது நம் நாடு அந்தச் சான்றைக் கேட்கும். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் போடுவார்கள். போட்டுப் பத்து நாளுக்குப் பிறகே சான்று செல்லும், அதன் பின் வாழ்நாள் முழுதும். கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் முன்கூட்டி டொக்டரோடு பேச வேண்டும்.

மலேரியாத் தடுப்பு மாத்திரைகளை நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியா ஒழிப்பு இயக்கம் பயணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. போகும் நாடு, நாட்கள், பிள்ளைகளின் நிறை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். மருந்தின் வகையைப் பொறுத்து, திரும்பி வந்த பின்னும் ஒரு வாரம் முதல் நான்கு வாரம் வரை தொடர வேண்டும். விமானம் ஏறியதும் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டதால் இங்கே காய்ச்சல் என்றதும் முதலில் டெங்குவைத்தான் பார்ப்பார்கள். திரும்பி ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் ஆபிரிக்கா போய்வந்ததை நீங்களே முதலில் சொல்லி, மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள்.